வளைவில் கை காட்டியவன்

1

ஊரிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் வரும் தொலைபேசி அழைப்பை வெளிநாட்டில் இருக்கும் நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் எடுப்போம். பச்சைப் பொத்தானைத் தொடுவதற்குள் அங்கே யாருக்கெல்லாம் சுகமில்லை என்று மனம் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும். இந்த வைகாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் தம்பி யோகராஜிடமிருந்து அப்படி ஓர் அழைப்பு வந்தது.

நான் அப்போது டொரன்டோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில், மகன் ஆதவனுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். அவனுக்குப் பதினேழு வயது. கார் பழகுகிறான். அவன் ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப, நான் என் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பேன். "அம்மா, மூச்சு விடுங்கோ" என்பான். தமிழை அவன் அப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டான், அவர் யாழ்ப்பாணத்தார். என்னிடமிருந்து அவன் எதையும் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை, என் பயத்தைக்கூட.

யோகராஜ் பதுளையில் லொறி ஓட்டுகிறவன். நமுனுகுல, பசறைப் பக்கத்துத் தோட்டங்களின் தேயிலை மூட்டைகளை ஏற்றிப் போகும் ஒரு முதலாளியின் லொறி. "அக்கா, பதறாதீங்க, எனக்கு ஒண்ணும் இல்ல" என்று ஆரம்பித்தான். அப்படி ஆரம்பித்தால் யார்தான் பதறாமல் இருப்பார்கள்? காரை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். மகன் ஒரே முயற்சியில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் அழகாக நிறுத்தினான். அதைப் பாராட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை.

நடந்தது இதுதான். பசறையிலிருந்து பதுளைக்கு ஏறும் வீதியில் யோகராஜ் பாரத்தோடு ஊர்ந்து போய்க்கொண்டிருந்தான். பின்னால் மொனராகலையிலிருந்து வாழைக்குலை ஏற்றி வந்த ஒரு வேன். நடுவில் இரட்டை வெள்ளைக் கோடு போட்ட ஒரு வளைவு. அங்கே யாரும் யாரையும் முந்தக் கூடாது. வேன் கோட்டைத் தாண்டி முந்தியது. லொறிக்குச் சரிசமமாக வந்த நேரத்தில், எதிரே தோட்டத்துப் பாதை ஒன்றிலிருந்து ஓர் ஆட்டோ வீதிக்கு இறங்கியது. வேன்காரன் இடப்பக்கம் வெட்டினான். லொறியின் முன்முனையில் மோதினான். அப்படியும் ஆட்டோ தப்பவில்லை. இடிபட்டு வீதியோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தது. ஆட்டோக்காரரின் கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. பதுளைப் பெரியாஸ்பத்திரியில் இருக்கிறார்.

"ஒங்க வேலையில இத எப்பிடிப் பாப்பாங்க அக்கா? யாரு மேல தப்பு?"

என் வேலை அதுதான். வாகனக் காப்புறுதி நிறுவனமொன்றில், மோதிக்கொண்டு வருகிறவர்களின் கதையைக் கேட்டு இன்னாருக்கு நூற்றுக்கு இத்தனை வீதம் பிழை என்று முடிவு செய்கிற மேசையில் இருக்கிறேன். இந்த விபத்துக்கு நான் யோசிக்கவே வேண்டியதில்லை. முந்தக் கூடாத இடத்தில் முந்தியவன் மீதுதான் முழுப்பிழையும். உன் மேல் ஒன்றுமே இல்லை என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு உடம்பு லேசானது.

 அதற்குப் பிறகுதான் யோகராஜ் சொன்னான்.

"அக்கா, நாந்தான் கை காட்டுனேன்."

2

மலைநாட்டு வீதியில் போயிராதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து வீதிகளில் பாரம் ஏற்றிய லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் ஏறி முடிக்கும்வரை அதன் புகையைத்தான் குடிக்க வேண்டும். பின்னால் வருகிறவனுக்கு முன்னால் இருப்பது லொறியின் தார்ப்பாய் மட்டும். முன்னால் போகிற லொறிக்காரனுக்குத்தான் வளைவு தெரியும். அதனால் அவன் பார்ப்பான். எதிரில் ஒன்றும் வரவில்லை என்றால் வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, தண்ணீரை அள்ளுவதுபோல் முன்னால் வீசுவான். வா என்று அர்த்தம். உள்ளங்கையைக் கீழே பார்த்து அமுக்கினால் பொறு. முந்திப் போகிறவன் இரண்டு தடவை சின்னதாக ஹோர்ன் அடித்துவிட்டுப் போவான், அது நன்றி. எந்தச் சட்டப்புத்தகத்திலும் இது இல்லை. ஆனால் கை காட்டாத லொறிக்காரனைப் பற்றி அடுத்த டீக்கடையில் பேசுவார்கள். பின்னால் வாகனங்களை வரிசையாக இழுத்துக்கொண்டு தன்பாட்டில் போகிறவனுக்கு அந்த வீதியில் மரியாதை கிடையாது.

நான் படிக்கிற காலத்தில் நமுனுகுலவிலிருந்து பதுளைக்குப் பஸ்ஸில் போய் வருவேன். தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து முதல் ஆளாகப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளை என்பதால் எனக்கு எப்போதும் ஜன்னலோரம் வேண்டும் என்று ஒரு வீறாப்பு. அங்கிருந்து பார்த்தால் முன்னால் போகிற லொறியிலிருந்து கை மட்டும் தெரியும். முகம் தெரியாது. அந்தக் கை வீசியதும் எங்கள் பஸ் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் ஏறும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். பஸ் நிறையச் சனம். பேசிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே பேசிக்கொண்டிருப்பார்கள். நித்திரை கொண்டவர்கள் எழும்ப மாட்டார்கள். நான் ஒருத்திதான் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவேன். பயந்தாங்கொள்ளி என்ற பட்டம் எனக்கு அங்கேயே கிடைத்தது.

அந்தக் கைகளில் ஒன்றுதான் இப்போது என் தம்பியின் கை.

அவன் பார்த்துவிட்டுத்தான் காட்டினானாம். வளைவு முடியும்வரை வீதி வெறுமையாக இருந்ததாம். தோட்டத்துப் பாதை வந்து சேரும் இடத்தைத் தேயிலைச் செடிகள் மறைத்திருக்கின்றன. அந்தப் பக்கமிருந்து ஏதாவது வந்தால் சத்தம் கேட்கும் என்று ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் ஓட்டினானாம். ஒரு சத்தமும் இல்லை. பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு இறக்கத்தில் உருட்டிக்கொண்டு வருகிற பழக்கம் அங்கே நிறையப் பேருக்கு உண்டு. ஆட்டோவும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும் என்றான். அதை உறுதியாகச் சொல்ல அவனிடம் எதுவும் இல்லை.

3

அந்த வாரம் நான் செய்த வேலையில் எத்தனை பிழை இருக்கும் என்று எனக்கே தெரியாது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "வணக்கம், உங்களுக்குக் காயம் ஏதும் இல்லையே?" என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருப்பேன். வாய் அதைச் சொல்லும். மனம் பதுளைப் பொலிஸ் நிலையத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கும்.

யோகராஜுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் இந்த வருடம் பரீட்சை எழுதுகிறாள். கனரக வாகன லைசனைத் தவிர அவனிடம் வேறு தொழில் இல்லை. பதினெட்டு வயதில் தோட்டத்துப் பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கொடுத்து வேலை வாங்குகிற அந்த வரிசைக்கு, இனிப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டு இறங்கியவன். அந்த லைசன் போனால் அவன் எங்கே போய் நிற்பான்? இதுதான் எனக்கு ஓயாத யோசனை. தேநீர் ஊற்றும்போதும் இதுதான், துணி மடிக்கும்போதும் இதுதான்.

என் கணவர் எல்லாவற்றுக்கும் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்கிறவர். "உம்மட தம்பிக்குச் சொல்லும், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். கேக்காததுக்கு ஏன் வாயைக் குடுக்கிறார்?" என்றார். அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் திருமண வாழ்வில் இது அடிக்கடி நடப்பதில்லை.

ஆதவனின் கேள்விதான் என்னைக் குடைந்தது. "மாமா ஏன் அவருக்குக் கை காட்டினவர்? அது மாமாவின்ட ஜொப் இல்லையே?" என்றான். அவனுக்குக் கார் பழக்கும் ஆசிரியர், வீதியில் யாருக்கும் கை காட்டாதே, நீ காட்டி அவன் வந்து அடிபட்டால் உனக்குத்தான் மனக்கஷ்டம் என்று முதல் நாளே சொல்லியிருக்கிறாராம். நான் அந்தக் கையைப் பற்றி, நன்றி ஹோர்னைப் பற்றியெல்லாம் விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டான். முடிந்ததும், அங்கே வீதியை அகலமாக்கினால் என்ன என்று கேட்டான். நியாயமான கேள்விதான். எனக்குத்தான் கோபம் வந்தது.

எங்கள் மேசையின் மேற்பார்வையாளரிடம் ஒரு சிநேகிதியின் கதை என்று சொல்லி விசாரித்தேன். அவர் சான்ட்விச்சைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார். கை காட்டுவது பண்பாடு, அனுமதி இல்லை. முந்துகிறவன் தன் கண்ணால் பார்க்க வேண்டும். எங்கள் விதிப்படி கை காட்டியவருக்கு ஒன்றும் வராது. ஊர்ச் சட்டம் அவருக்குத் தெரியாதுதான். ஆனாலும் இரண்டாவது முறையாக உடம்பு லேசானது.

அன்றைக்கே தம்பிக்கு எடுத்து, "கையப் பத்தி வாயே தொறக்காத" என்றேன். அவன் சரி என்றான்.

பொலிஸில் அவனுடைய வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினார்கள். அவனுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, வாசிக்கத்தான் வராது. வாசித்துக் காட்டினார்களாம். என்ன வேகத்தில் போனாய், வேன் எங்கே கோட்டைத் தாண்டியது, ஆட்டோவை எப்போது கண்டாய் என்று கேட்டார்கள். கை காட்டினாயா என்று யாரும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டான். அன்று நான் நன்றாகத் தூங்கினேன்.

4

இங்கே தமிழ்க் கடையொன்றில் கறிவேப்பிலை வாங்கப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு சோதனை உண்டு. "இருக்குங்களா?" என்று கேட்டால் போதும், "இந்தியாவோ?" என்பார்கள். பதுளை என்பேன். "பதுளையிலயும் எங்கட ஆக்கள் இருக்கினமோ?" என்று ஒரு அம்மா உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டதுண்டு. அதனால் கடைக்குப் போனால் நான் என் பேச்சைக் கொஞ்சம் யாழ்ப்பாணப் பக்கமாக மாற்றிக்கொள்வேன். அன்றும் அப்படி மாற்றிப் பேசிக்கொண்டிருந்த இடத்தில்தான் யோகராஜின் இரண்டாவது அழைப்பு வந்தது.

மோதிய வாகனங்களைப் பரிசோதிக்க அதிகாரி வருகிறார் என்று அவனையும் வேன்காரனையும் பொலிஸ் நிலையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வேன்காரன் பெயர் சமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். மொனராகலைக்காரன். கல்யாணம் முடித்து அதிக காலம் இல்லை. வேன் மாமனாருடையது. நசுங்கிய வாழைக்குலைகள் அதற்குள்ளேயே அழுகி, ஈ மொய்த்துக் கிடந்ததாம். இரண்டு பேரும் அதிகாரிக்காகக் காத்துக்கொண்டு ஒரே மரத்தடியில் நின்றிருக்கிறார்கள்.

என் தம்பிக்கு அதுவரை ஒரு பயம் இருந்தது. சமன் தன் வாக்குமூலத்தில், லொறிக்காரன் கை காட்டித்தான் நான் முந்தினேன் என்று சொல்லியிருப்பான், இன்றோ நாளையோ பொலிஸ் தன்னைக் கூப்பிடும் என்று காத்திருந்தான். அந்தப் பயத்தை எனக்கும் ஏற்றிவிட்டுத்தான் இருந்தான்.

"அவன் சொல்லல அக்கா."

"என்ன சொல்லல?"

"கை காட்டுனத. எதிர்ல ஒண்ணும் வரலன்னு நெனச்சு நானாத்தான் முந்துனேன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுருக்கான்."

ஏன் என்று என் தம்பி அவனிடம் கேட்டிருக்கிறான். சமன் சிங்களத்தில் சொன்னதை அவன் எனக்குத் தமிழில் சொன்னான். கை காட்டினவனை மாட்டிவிட்டால் அப்புறம் எந்த லொறிக்காரன் கை காட்டுவான்? நாளைக்கும் இதே ரோட்டில்தானே எல்லாரும் போகணும்? அவ்வளவுதான். சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பப் போய்விட்டானாம்.

நல்லதாகப் போயிற்று என்றுதான் என் வாயில் வந்தது. கடைக்காரர் பாக்கிக் காசை நீட்டிக்கொண்டு நின்றார். நான் மாற்றிய பேச்செல்லாம் மறந்து, "நல்லதாப் போச்சு விடு, இனி ஒனக்குப் பயமில்ல" என்றேன்.

"நல்லதா அக்கா?" என்று கேட்டான். எனக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை.

5

அடுத்து அவன் செய்தது எனக்குப் பிறகுதான் தெரியும். முன்னமே சொல்லியிருந்தால் தடுத்திருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். ஆட்டோக்காரருக்கு ஜெயசீலன் என்று பெயர் வைக்கிறேன். அவனைவிடக் கொஞ்சம் மூத்தவர், பக்கத்துத் தோட்டத்துக்காரர். காலைத் தூக்கிக் கட்டிப் போட்டிருந்தார்கள். யோகராஜ் ஹார்லிக்ஸ் போத்தலும் தோடம்பழமும் கொண்டுபோய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கை காட்டியது தானென்று அவரிடம் சொல்லியிருக்கிறான். உலகத்தில் யாரிடம் சொல்லக் கூடாதோ அவரிடம்.

எஞ்சினை அணைத்துவிட்டா வந்தீர்கள் என்றும் கேட்டானாம். ஜெயசீலனுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்றார். சத்தமே கேட்கவில்லை என்கிறான் இவன். இரண்டும் உண்மையாக இருப்பது கஷ்டம். ஆனால் கால் முறிந்து கிடக்கிற மனிதரிடம் அதற்குமேல் யார் வாதாடுவது? என் மேசையாக இருந்தால் நான் வாதாடியிருப்பேன். அவருக்கும் ஒரு வீதத்தைப் போட்டிருப்பேன்.

கடைசியில் அவர் கேட்ட கேள்வியை யோகராஜ் எனக்கு அப்படியே சொன்னான். "நீ இங்க யாரா வந்திருக்க? நோயாளியப் பாக்க வந்தவனா, தப்புப் பண்ணுனவனா? மொதல்ல அத முடிவு பண்ணிட்டு வா. அதுவரைக்கும் இந்தப் பழம் வேணாம்."

பழத்தையும் போத்தலையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, அங்கேயிருந்தே எனக்கு அழைத்தான். அங்கே பின்னேரம். இங்கே நான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நான் சட்டத்தக் கேக்கல. பொலிஸுல சொல்லணுமா வேணாமான்னும் கேக்கல. என் மேல தப்பு இருக்கா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

நான் எங்கள் விதியைச் சொன்னேன். மேற்பார்வையாளர் சொன்னதைச் சொன்னேன். இரட்டைக் கோட்டைச் சொன்னேன். பிள்ளைகளின் படிப்பைச் சொன்னேன். நான் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரிக்கா, ஒங்களுக்கு வேலைக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் பொலிஸுக்குப் போய், முதலில் சொல்ல விட்டுப்போனது ஒன்று இருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். அங்கிருந்த சார்ஜன் பேனையை மூடிவைத்துவிட்டு, உனக்கென்ன பைத்தியமா, வழக்குத் தெளிவாக இருக்கிறது, வீட்டுக்குப் போ என்றாராம். இவன் போகவில்லை. கடைசியில் எரிச்சலோடு எழுதிக்கொண்டு, தேவைப்பட்டால் கூப்பிடுவோம் என்று அனுப்பியிருக்கிறார்.

இந்தத் "தேவைப்பட்டால்" என்ற சொல் இருக்கிறதே, அதை நான் கனடாவில் எத்தனையோ அலுவலகங்களில் கேட்டிருக்கிறேன். குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது கேட்டேன்; அப்பாவுக்கு விசா கேட்டபோது கேட்டேன். ஒரு முடிவும் சொல்லாமல் ஒரு மனிதரை வருடக்கணக்கில் பயத்தில் வைத்திருக்க அதைவிட நல்ல சொல் கிடையாது. யோகராஜை இன்றுவரை கூப்பிடவில்லை. இனிக் கூப்பிட மாட்டார்கள் என்றும் யாரும் சொல்லவில்லை.

முதலாளி மட்டும் தாமதிக்கவில்லை. வேனின் காப்புறுதியிலிருந்து லொறியைத் திருத்திக்கொள்ள அவர் ஏற்பாடு செய்திருந்தார். உன் சாரதியே கை காட்டியதாகச் சொல்லிவிட்டானே என்று காப்புறுதிக்காரர்கள் பின்வாங்கத் தொடங்கியதும், சாவியை வாங்கி வேறொருவனிடம் கொடுத்துவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. காப்புறுதிக்காரர்களின் இடத்தில் நான் இருந்தாலும் பின்வாங்கத்தான் வழி தேடியிருப்பேன்.

நான் தம்பியைத் திட்டினேன். வாழ்க்கையில் அப்படி யாரையும் திட்டியதில்லை. உன் பிள்ளைகளை நினைத்தாயா, எதற்கு இந்த வீம்பு, யார் உன்னைக் கேட்டார்கள் என்றெல்லாம் கத்தினேன். ஆதவன் மாடியிலிருந்து இறங்கி வந்து, என்ன நடந்தது என்று கண்ணாலேயே கேட்டுவிட்டு, ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டுப் போனான்.  நான் அழுது ஓய்ந்ததும் யோகராஜ், பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கப் போக வேண்டும் என்றான்.

6

போன மாதம் பதுளை நீதிமன்றத்தில் சமனின் வழக்கைக் கூப்பிட்டார்கள். யோகராஜுக்கு அழைப்பாணை ஒன்றும் இல்லை. அவன் இப்போது பட்டணத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை இறக்குகிறான். ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போயிருக்கிறான். போகாதே என்று நான் சொல்லவில்லை. சொல்லிப் பயனில்லை என்று அதற்குள் தெரிந்திருந்தது.

சமன் பிழையை ஒப்புக்கொண்டான். சில மாதங்களுக்கு லைசனை நிறுத்திவைத்து, குற்றப்பணமும் விதித்தார்கள். என் தம்பி சொன்னதால் அவனுக்குத் தண்டனையில் ஒரு துளியும் குறையவில்லை. நீதவான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் இங்கே தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, என் தம்பியின் பெயரையும் கூப்பிட்டுவிடுவார்களோ என்று விடியும்வரை உட்கார்ந்திருந்தது வீண்தான். வீணாகவே இருக்கட்டும்.

நீதிமன்ற வாசலிலிருந்து அழைத்தான். நான் பேசத் தொடங்குமுன், "சமன் பேசணுமாம்" என்று அவனிடம் கொடுத்துவிட்டான். என் சிங்களம் இருபது வருடமாக வெளியே எடுக்கப்படாதது. தட்டுத்தடுமாறி மன்னிப்புக் கேட்கப் பார்த்தேன். எதற்கு மன்னிப்பு என்று எனக்கே தெளிவில்லை. அவன் சிங்கள வழக்கப்படி அக்கே என்று கூப்பிட்டு என்னைத் தடுத்து, மெதுவாக, நான் புரிந்துகொள்ளும்படி சொன்னான். அந்தக் கை பொய் சொல்லவில்லை அக்கே. அது காட்டினபோது ரோட்டில் ஒன்றும் இல்லை. நான்தான் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போயிருக்க வேண்டும், அல்லது போகாமலே இருந்திருக்க வேண்டும்.

தொலைபேசி மறுபடி தம்பியிடம் போனது.

"அக்கா, அன்னிக்கு ஒண்ணு கேட்டேனே. நீங்க இன்னும் பதில் சொல்லல."

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்கு அவர்களுடைய பிழையைச் சொல்லியிருக்கிறேன். குரல் நடுங்காது. சிலர் அழுவார்கள், சிலர் கெட்ட வார்த்தை பேசுவார்கள். நான் அடுத்த அழைப்புக்குப் போய்விடுவேன். இப்போது கேட்பது என் தம்பி. இல்லை என்று சொன்னால் அவன் நம்பமாட்டான். நம்பாதது மட்டுமில்லை, இனி என்னிடம் எதையும் கேட்க மாட்டான். அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. லைசனைவிட, லொறியைவிட அது பெரிதாக இருந்தது.

"இருக்கு யோகா," என்றேன். "ஒன் மேலயும் இருக்கு."

 பஸ் நிலையத்துப் பக்கம் யாரோ ஊர்ப்பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

"எவ்வளவு?" என்றான்.

"அது எனக்குத் தெரியல."

"பரவால்ல. இருக்குன்னு சொன்னீங்கள்ல, அது போதும்." அவன் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. கோபம் இல்லை, அழுகையும் இல்லை. பாரமான மூட்டையைத் தோளில் சரியாக வைத்துக்கொண்டவனின் மூச்சுப் போல இருந்தது.

இனி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன்.

"ஜெயசீலன் அண்ணனப் பாக்கப் போறேன்க்கா. நான் யாரா வந்திருக்கேன்னு இப்ப சொல்லலாம்."